கூவத்தில் மீன் எண்ணுவோம்

(பாரிவாக்கத்தில் ஊர்மக்களும் பள்ளி மாணவர்களும் கூடியிருந்த அவையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கூவத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன் என்று சொன்னதும் இங்கே சிலர் முகம் சுளித்தார்கள். அது அவர்கள் குற்றமில்லை. சென்னையில் ஒருவரை ஏசுவதற்கே அந்தப் பெயர் பயன்படுகிறது. ஆனால் பாரிவாக்கத்துக்காரர்கள் அந்தப் பெயரைக் கேட்டு முகம் சுளிக்க வேண்டியதில்லை என்பது என் எண்ணம். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்தபின் பூந்தமல்லி–ஆவடி சாலைப் பாலத்தில் ஒரு நாள் காலையில் பத்து நிமிடம் நின்று கீழே பாருங்கள். கோரைக்கு நடுவே நீர்வளையம் விரியும். இடுப்பளவு தண்ணீரில் ஒருவர் வீச்சு வலையைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்பார். அவர் வீசுவது வெறுந்தண்ணீரில் அல்ல. அங்கே மீன் இருக்கிறது. எத்தனை வகை மீன் இருக்கிறது, போன வருடம் எத்தனை இருந்தது, அடுத்த வருடம் எத்தனை இருக்கும் என்ற கேள்வியைத்தான் உங்களிடம் கொண்டுவந்திருக்கிறேன்.

முதலில் நாம் நிற்கும் இடத்தைப் புரிந்துகொள்வோம். திருவள்ளூர் மாவட்டத்தில் கூவம் என்ற ஊரின் ஏரியில் இந்த ஆறு தொடங்குகிறது. கொசஸ்தலையாற்றில் கேசவரம் அணைக்கட்டிலிருந்தும் அதற்குத் தண்ணீர் வரும். வழியில் கொரட்டூர் அணைக்கட்டு இருக்கிறது. அம்பத்தூர் பக்கத்துக் கொரட்டூரைச் சொல்லவில்லை; மேற்கே இருக்கும் கொரட்டூர். அங்கே ஆற்று நீரின் ஒரு பகுதி புதிய பங்காரு கால்வாய் வழியாகச் செம்பரம்பாக்கம் ஏரிக்குத் திரும்புகிறது. நகரத்துக்குக் குடிநீர் வேண்டும். அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் விளைவு என்ன? மழைக்காலம் போனபின் அணைக்கட்டுக்குக் கீழே ஆற்றுக்கென்று சொந்தத் தண்ணீர் மிகக் குறைவு. அந்த வெற்றிடத்தை வீட்டுச் சாக்கடையும் பட்டறைக் கழிவும் நிரப்புகின்றன.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2022-ல் நாட்டின் மாசடைந்த ஆற்றுப் பகுதிகளைப் பட்டியலிட்டது. அதில் கூவத்துக்கு எந்தப் பகுதி குறிக்கப்பட்டிருக்கிறது தெரியுமா? ஆவடி முதல் சத்யா நகர் வரை. அங்கே உயிர்வேதி ஆக்சிஜன் தேவை லிட்டருக்கு 345 மில்லிகிராம். நீரில் உள்ள கழிவைத் தின்று செரிக்க நுண்ணுயிர்களுக்கு எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்ற கணக்கு அது. குளிப்பதற்கு ஏற்ற ஆற்றில் அது 3-க்கு மேல் போகக் கூடாது. நூறு மடங்குக்கும் மேலே போய்விட்டது. நாட்டிலேயே மிக மோசமான ஆற்றுப் பகுதி என்று பத்திரிகைகள் எழுதின.

அந்தப் பகுதி நம் வாசலில் தொடங்குகிறது என்பதைக் கவனியுங்கள். மேற்கே போனால் வயலும் கோரையும் உள்ள கூவம். கிழக்கே போனால் திருவேற்காடு, கோயம்பேடு, அமைந்தகரை, சேத்துப்பட்டு என்று நகரத்தின் கூவம். உயிருள்ள ஆறு முடிந்து, மூச்சுத் திணறும் ஆறு தொடங்கும் எல்லை இந்த வட்டாரத்தில்தான் எங்கோ இருக்கிறது. அந்த எல்லை எங்கே இருக்கிறது, மேற்கே நகர்கிறதா, கிழக்கே நகர்கிறதா? அதைச் சொல்லக்கூடிய சாட்சி மீன்.

ஏன் மீன், கருவி போதாதா என்று மாணவர்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. ஆக்சிஜன் அளக்கும் கருவியை நண்பகலில் தண்ணீரில் விட்டால் அது நல்ல எண்ணைக் காட்டும். பச்சைப் பாசி வெயிலில் ஆக்சிஜனை வெளிவிட்டுக்கொண்டிருக்கும் நேரம் அது. இரவில் அதே பாசி ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். சூரியன் வருவதற்கு முன், விடியற்காலை ஐந்து மணிக்கு, தண்ணீரில் ஆக்சிஜன் மிகக் குறைந்திருக்கும். மீன்கள் வாழ லிட்டருக்கு 4 மில்லிகிராமாவது வேண்டும் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தர வரையறை சொல்கிறது. நண்பகலில் 7 காட்டிய தண்ணீர் விடியற்காலையில் 1-க்கு இறங்கியிருக்கலாம். கருவி வைத்தவர் பகலில் வந்துபோய்விட்டார். மீன் அந்த இரவு முழுவதும் அங்கேயே இருந்தது. கோடையில் வந்த கழிவையும், முதல் மழையில் சாக்கடையெல்லாம் அடித்துக்கொண்டு வந்த கறுப்புத் தண்ணீரையும் குடித்துப் பிழைத்தது. ஆகவே ஓர் இடத்தில் எந்த மீன் இருக்கிறது என்பது அந்த இடத்தின் ஓராண்டு வரலாறு.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. மீன் இருக்கிறது என்று சொன்னால் மட்டும் போதாது. எந்த மீன் என்று சொல்ல வேண்டும். குரவை, விரால், தேளி, பனையேறிக் கெண்டை ஆகிய நான்கும் காற்றைச் சுவாசிக்கத் தெரிந்தவை. குரவைக்கும் விராலுக்கும் செவுளுக்கு மேலே காற்று அடைக்கும் அறை இருக்கிறது. தேளிக்கு உடம்பின் இரு பக்கமும் நீளமான காற்றுப்பை இருக்கிறது. பனையேறிக்குச் செவுளின் மேற்புறத்தில் மடிப்பு மடிப்பாக ஓர் உறுப்பு உண்டு; அதனால்தான் ஈரத்தரையில் ஊர்ந்து ஒரு குட்டையிலிருந்து இன்னொரு குட்டைக்குப் போய்விடும். தரங்கம்பாடியில் பணியாற்றிய டால்டார்ஃப் என்ற டேனிஷ் அதிகாரி, 1791-ல் பனைமரத்தில் ஏறிக்கொண்டிருந்த இந்த மீனைப் பார்த்ததாக எழுதினார். 1797-ல் அது லண்டன் லின்னேயன் சங்கத்தின் இதழில் வந்தது. பனையேறி என்ற பெயரே போதும், நம் மக்கள் இந்த மீனை எவ்வளவு கூர்ந்து பார்த்திருக்கிறார்கள் என்பதற்கு.

இந்த நான்கோடு ஜிலேபி மீனும் மட்டும் வலையில் விழுந்தால் என்ன பொருள்? தண்ணீரில் ஆக்சிஜன் மிகக் குறைந்தாலும் தாங்கக்கூடியவை மட்டும் தங்கியிருக்கின்றன என்று பொருள். அங்கே கெண்டைகளும் வெள்ளிச்சியும் கெளுத்தியும் வாளையும் விழுந்தால் கதை வேறு. மணலில் புதைந்து கிடக்கும் அயிரை கிடைத்தால், அடியில் இன்னும் நல்ல மணல் மிச்சம் இருக்கிறது என்று பொருள். மணலை அள்ளிவிட்ட இடத்திலும், சேறு படிந்து கறுத்த இடத்திலும் அயிரையைத் தேடிப் பயனில்லை.

இந்த வட்டார மீன்களைக் கணக்கெடுத்தவர்கள் நமக்கு முன்பே இருந்திருக்கிறார்கள். சென்னை ராணுவத்தில் மருத்துவராக இருந்த பிரான்சிஸ் டே, இந்தியா முழுவதும் அலைந்து மீன்களை வரைந்தும் விவரித்தும் 1875 முதல் 1878 வரை ஒரு பெருநூல் வெளியிட்டார். அதன்பின் பி. சுந்தரராஜ் 1916-ல் சென்னையின் நன்னீர் மீன்களைப் பற்றி இந்திய அருங்காட்சியகத்தின் ஆய்விதழில் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். பின்னாளில் சென்னை மாகாண மீன்வளத் துறைக்கே இயக்குநர் ஆனவர் அவர். அந்தக் கட்டுரையில் அறிவியலுக்குப் புதிதாக ஒரு சின்னஞ்சிறு மீனை அறிமுகப்படுத்தினார். நெற்றியில் வெள்ளிப்பொட்டு வைத்தாற்போல, தண்ணீரின் மேல்மட்டத்திலேயே நீந்தி, கொசுப்புழுவைத் தின்னும் மீன் அது. கொசுவை ஒழிக்க வெளிநாட்டிலிருந்து கம்பூசியா மீனை 1928-ல் நாட்டுக்குள் கொண்டுவந்தார்கள். நம் குட்டையிலேயே அந்த வேலையைச் செய்துகொண்டிருந்த மீனைப் பற்றி அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் எழுதி வைத்திருந்தார்.

கூவத்தைப் பற்றிய இன்னொரு கணக்கும் உண்டு. 1950 வாக்கில் 49 வகை மீன்கள் இருந்தன. 1970-களின் முடிவில் 21 வகைதான் மிஞ்சின. முப்பது ஆண்டில் பாதிக்கும் மேல் போய்விட்டது. இந்த எண்களைக் கேட்டு வருந்துகிறோம். ஆனால் யாரோ ஒருவர் அன்று எண்ணி எழுதி வைத்ததால்தான் இந்த இழப்பே நமக்குத் தெரியவந்தது. எண்ணாமல் விட்டிருந்தால் அந்த மீன்கள் இருந்த சுவடும் இல்லாமல் போயிருக்கும். இன்று நாம் எண்ணாமல் விட்டால் நம் பிள்ளைகளுக்கு அதே கதிதான்.

சரி, எப்படி எண்ணுவது? இதில்தான் உங்கள் கவனம் வேண்டும்.

ஓரிடத்தில் எண்ணினால் ஒன்றும் தெரியாது. ஒரே ஆற்றில் ஐந்து இடமாவது வேண்டும். கூவம் ஊர்ப் பக்கத்தில் ஒன்று, கொரட்டூர் அணைக்கட்டுக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று, நம் பாலத்தடியில் ஒன்று, திருவேற்காட்டுக்கு அப்பால் ஒன்று. மேலே உள்ள இடம் நமக்கு அளவுகோல். அங்கே இருந்து இங்கே இல்லாத மீன் எது என்று பார்த்தால், நடுவில் என்ன நடந்தது என்று தேடலாம்.

ஒரே பருவத்தில் எண்ணினாலும் போதாது. தை மாதம், சித்திரை வைகாசி, ஆவணி என்று ஆண்டுக்கு மூன்று முறை. புதுவெள்ளத்தில் மீன் எதிரேறும் நாட்களில் அணைக்கட்டின் கீழே போய்ப் பார்க்க வேண்டும். மேலே போக வழியில்லாமல் அணையின் அடியில் மீன்கள் துள்ளித் துள்ளி விழுவதைப் பார்த்தால், தடுப்பு என்பது என்ன என்று புத்தகம் இல்லாமலே புரியும்.

வலையும் ஒரேமாதிரி இருக்க வேண்டும். இங்கே வீச்சு வலை, அங்கே தங்கூசி வலை என்று மாற்றினால் கணக்கு ஒப்பிட உதவாது. ஒவ்வொரு இடத்திலும் அதே வீச்சு வலை, அதே கண் அளவு, அதே இருபது வீச்சு. கோரை நெருங்கிய கரையோரத்துக்குக் கச்சா வலை, அதிலும் அதே எண்ணிக்கை. மீன் விழாத வீச்சையும் எழுத வேண்டும். மாணவர்களே, இதை மறக்காதீர்கள்: பூஜ்யமும் ஒரு கணக்கு. வெறும் வலையை எழுதாமல் விட்டவர் ஆற்றின் உண்மையில் பாதியை மறைத்துவிட்டார்.

இருபது வீச்சு போதுமா என்று எப்படித் தெரியும்? முதல் ஐந்து வீச்சில் ஆறு வகை வரும். அடுத்த ஐந்தில் புதிதாக இரண்டு வரும். அடுத்த ஐந்தில் ஒன்று. கடைசி ஐந்தில் புதிதாக எதுவும் வரவில்லை என்றால், அந்த வலைக்கு அகப்படக்கூடியவற்றை ஏறக்குறைய பார்த்துவிட்டோம் என்று நிறுத்தலாம். இன்னும் புது வகை வந்துகொண்டே இருந்தால் தொடர வேண்டும்.

எண்ணிக்கையைப் படிக்கவும் தெரிய வேண்டும். இரண்டு கூடை மீன் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் நூறு நூறு மீன். முதல் கூடையில் தொண்ணூற்றைந்து ஜிலேபி, ஐந்து குரவை. இரண்டாவது கூடையில் கெண்டை வகையே நான்கு, கெளுத்தி, உளுவை, ஆரால், விரால், அயிரை என்று பிரிந்து கிடக்கிறது. எடை போட்டால் முதல் கூடை கனமாக இருக்கலாம். ஆனால் உயிருள்ள ஆறு இரண்டாவது கூடையில்தான் இருக்கிறது. 1981-ல் ஜேம்ஸ் கார் என்ற அமெரிக்க உயிரியலாளர் இதற்காகவே 12 அளவைகள் கொண்ட ஒரு முறையை வகுத்தார். எத்தனை வகை, மாசு தாங்காத வகை எத்தனை, எதையும் தாங்கும் வகை எவ்வளவு பங்கு, பிற மீனைத் தின்னும் மீன் எவ்வளவு பங்கு, புண்ணும் கட்டியும் கூனும் உள்ள மீன் எத்தனை என்று மதிப்பெண் போட்டு ஓர் ஆற்றின் நலத்தைக் கணக்கிடும் முறை அது. உலகின் பல நாடுகள் அதைத் தங்கள் ஆறுகளுக்கு ஏற்றபடி மாற்றி எடுத்துக்கொண்டிருக்கின்றன. வெயிலில் வற்றி மழையில் பெருகும் நம் ஆற்றுக்கும் அதை மாற்றி எழுத வேண்டும்.

இந்தக் கணக்கெல்லாம் ஒரு மீனின் சரியான பெயரில் தொடங்குகிறது. இதை எனக்குக் கற்றுத்தந்தது கல்லூரி அல்ல. பல ஆண்டுகளுக்கு முன், இந்த ஆற்றின் மேற்பகுதியில் ஒரு வலைக்காரப் பெரியவருடன் போயிருந்தேன். அவர் வலையை உதற உதற நான் நோட்டில் எழுதிக்கொண்டே வந்தேன். சின்னச் சின்னதாக வெள்ளியாய் மின்னிய மீன்களையெல்லாம் ‘கெண்டை’ என்று ஒரே வரியில் போட்டு எண்ணிக்கை எழுதினேன். அவர் எட்டிப் பார்த்தார்.

“இன்னா சார், எல்லாத்தியும் கெண்டைன்னு எழுதிக்கினீங்க? இது மூணு ஜாதி சார்.”

ஈரமான உள்ளங்கையில் ஒன்றை வைத்துக் காட்டினார். வாலடியில் ஒரு கறுப்புப் பொட்டு, செவுளுக்குச் சற்றுப் பின்னே இன்னொரு பொட்டு. அடுத்ததில் வாலடியில் மட்டும் பொட்டு, முதுகுத் துடுப்பின் அடியிலும் ஒரு கறை. மூன்றாவதில் பொட்டே இல்லை. மேல்வாயோரம் மெல்லிய மீசை. பிறகு நான் அதே மீன்களின் பக்கவாட்டுச் செதில்களை ஒன்றொன்றாக எண்ணினேன். அவர் சொன்னது சரிதான். மூன்றும் வேறு வேறு மீன்கள். அன்று அவர் இல்லையென்றால் என் கணக்கில் இரண்டு மீன்கள் ஆற்றிலிருந்தே காணாமல் போயிருக்கும்.

பெர்லினில் இருந்த மீனியல் அறிஞர் ப்ளாக்குக்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே நம் கரையிலிருந்து மீன்களை அனுப்பி வைத்தவர் தரங்கம்பாடி மிஷனைச் சேர்ந்த ஜான் பாதிரியார். அப்படிப் போன மீன்களோடு நம் பெயர்களும் போயின. வாளை மீனின் அறிவியல் பெயரில் இன்றும் ‘அட்டு’ என்று ஒரு சொல் நிற்கிறது. நம் ‘ஆத்து வாளை’தான் அப்படி ஒட்டிக்கொண்டது என்று கருதப்படுகிறது. உலகம் படிக்கும் பெயருக்குள் நம் வலைக்காரரின் சொல் இருக்கிறது. ஆனால் அதைச் சொன்னவரின் பேரனிடம் இன்று யாரும் போய்க் கேட்பதில்லை.

எனவே கணக்கெடுப்பின் முதல் நாள் வேலை வலை வீசுவது இல்லை. பெரியவர்களிடம் போய் உட்கார்வது. எந்த மீன் எந்த ஆண்டோடு நின்றது என்று கேட்டால் ஆண்டு எண் சொல்லமாட்டார்கள். எந்த வெள்ளத்துக்கு முன், எந்த வெள்ளத்துக்குப் பின் என்று சொல்வார்கள். 1976, 1985, 2005, 2015 என்று சென்னை கண்ட பெருவெள்ளங்களோடு அவர்கள் நினைவைப் பொருத்தினால், எந்தப் பதிவிலும் இல்லாத ஐம்பதாண்டு வரலாறு நம் கைக்கு வரும்.

வந்தேறி மீன்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜிலேபி 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. ஏழைக்கு மலிவாக மீன் கிடைக்கட்டும் என்ற நல்லெண்ணம்தான் அதன் காரணம். இன்று அது இல்லாத ஏரி அரிது. ஆப்பிரிக்கக் கெளுத்தியை வளர்க்க அரசே தடை போட்டிருக்கிறது. ஆனாலும் குட்டைகளிலிருந்து தப்பி ஆறுகளில் பரவிவிட்டது. இப்போது தொட்டி மீன்கள் சேர்ந்துகொண்டன. கொளத்தூரில் வாங்கி வந்த ‘டேங்க் கிளீனர்’ பெரிதாகிவிட்டால், பாவம் என்று ஏரியில் விட்டுவிடுகிறோம். முள்ளும் ஓடுமாக இருக்கும் அந்த மீன் வலையைக் கிழிக்கும், கரையில் வளை தோண்டும், எந்தத் தண்ணீரிலும் பிழைக்கும். பிள்ளைகளே, உங்கள் வீட்டுத் தொட்டி மீனை எந்த நீர்நிலையிலும் விடாதீர்கள். அது இரக்கம் ஆகாது.

ஆற்றைச் சீரமைக்கிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். சென்னை நதிகள் சீரமைப்பு அறக்கட்டளை வழியாகக் கூவத்துக்கு 600 கோடி ரூபாய்க்கும் மேல் திட்டம் போடப்பட்டது. நல்ல முயற்சி. ஆனால் கரையை வழித்துக் கல் பதிப்பதையே சீரமைப்பு என்று எண்ணிவிடக் கூடாது. ஒரு விரால் எங்கே குஞ்சு வளர்க்கிறது? கோரையும் அல்லியும் மண்டிய கரையோரத்தில். செக்கச்செவேலென்று குஞ்சுகள் ஒரு பந்துபோலத் திரண்டு மேலே வரும். அடியில் தாயும் தகப்பனும் காவல் இருக்கும். கையை விட்டால் கடிக்கும். அந்தக் கோரையை ‘குப்பை’ என்று வாரிவிட்டால், தண்ணீர் சுத்தமானாலும் விரால் திரும்பாது. வேலை தொடங்குமுன் ஒரு மீன் கணக்கு, முடிந்தபின் ஒரு மீன் கணக்கு. இரண்டையும் மக்கள் முன் வைக்கட்டும். செலவு எவ்வளவு என்பதைக் காட்டிலும் எத்தனை மீன் திரும்பியது என்பதே திட்டத்தின் மதிப்பெண்.

திரும்பி வருமா என்று சந்தேகப்படுவோருக்கு லண்டனைக் காட்டுகிறேன். 1957-ல் தேம்ஸ் ஆற்றின் நகரப் பகுதி உயிரற்றது என்று அங்குள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தார் அறிவித்தார்கள். அதன்பின் கழிவுநீர் நிலையங்களைப் புதுப்பித்தார்கள். மீன் திரும்பியது எப்படித் தெரிந்தது? ஆற்று நீரை உறிஞ்சும் அனல்மின் நிலையங்களின் சல்லடையில் மீன்கள் சிக்கின. அந்த மீன்களைப் பத்திரப்படுத்தித் தரும்படி ஆல்வின் வீலர் என்ற அறிஞர் கேட்டுக்கொண்டார். மின்நிலையத் தொழிலாளர்கள் எடுத்துக் கொடுத்தார்கள். ஒவ்வொரு வகையாகப் பட்டியல் நீண்டது. 1974-ல் அப்படி ஒரு சல்லடையில் சால்மன் மீன் கிடைத்தபோது நகரமே கொண்டாடியது. இன்று அங்கே நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள். ஆற்றை மீட்டது கழிவுநீர்ச் சுத்திகரிப்பு. மீட்சியை நிரூபித்தது தொழிலாளிகள் எடுத்துவைத்த மீன்கள்.

நமக்கும் வழி இருக்கிறது. சென்னையில் இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தின் தென்மண்டல மையம் இருக்கிறது. பெயரில் ஐயம் வந்தால் கேட்கலாம். பொன்னேரியில் மீன்வளக் கல்லூரி இருக்கிறது. அங்கே படிக்கும் பிள்ளைகள் வருவார்கள். மீன்வளத் துறையிடமும் நீர்வளத் துறையிடமும் சொல்லி அனுமதி பெற்றுக்கொள்வோம். பிடித்த மீனை வாளித் தண்ணீரில் வைத்து, அளவுகோலோடு படம் எடுத்து, உடனே விட்டுவிடுவோம். பெரிய செலவு இல்லை. ஒரு வலை, ஒரு வாளி, ஒரு நோட்டு, பெயர் தெரிந்த ஒரு பெரியவர், பொறுமையுள்ள பத்து மாணவர்கள். பத்து ஆண்டு விடாமல் செய்தால், இந்த ஆற்றைப் பற்றி எந்த அலுவலகத்திலும் இல்லாத ஆவணம் இந்த ஊர்ப் பள்ளி அலமாரியில் இருக்கும். ‘இங்கே 2026-ல் இத்தனை வகை இருந்தது, இன்று இல்லை, என்ன செய்தீர்கள்?’ என்று கேட்கும் உரிமை அப்போது இந்த ஊருக்கு வரும்.

பெரியோர்களே, மழை ஓய்ந்ததும் தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்குப் பாலத்தடிக்கு வாருங்கள். வீட்டில் வலை பிடித்த தாத்தா இருந்தால் கையைப் பிடித்து அழைத்து வாருங்கள். அவர் வாயால் மீனின் பெயரைச் சொல்லட்டும். அவர் பேரப்பிள்ளை அதை நோட்டில் எழுதட்டும். அன்று வலை வெறுமையாக வந்தாலும் எழுதுவோம். அடுத்த தையிலும் அதே இடத்தில், அதே வலையோடு நிற்போம்.